இன்புளூயென்சாவும் உடலின் முதற்காவலும்

பொருளாதாரம் பயில்வோருக்கு இன்புளூயென்சா புதிய சொல் அன்று. 1918-19ஆம் ஆண்டுகளில் இந்தியாவைச் சூறையாடிய இன்புளூயென்சாக் கொள்ளைநோயைச் சான்றாகக் கொண்டே, வேளாண்மையில் உபரி உழைப்பு என ஒன்று உண்டா என்னும் வினாவைத் தியோடர் ஷுல்ட்ஸ் 1964இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்தார். நோயினால் உழைப்பாளர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தபோது சாகுபடிப் பரப்பும் குறைந்தது. எனவே வேலையின்றி மிகுந்து நின்ற உழைப்பு என எதுவும் இருக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. அந்தப் புள்ளிவிவரச் சோதனையை அமர்த்தியா சென் 1967இல் மறுத்து எழுதினார். வளர்ச்சிப் பொருளாதாரத்தின் புகழ்பெற்ற வாதங்களுள் ஒன்று இவ்வாறு ஒரு காய்ச்சலின் மீது எழுந்து நின்றது.

அந்த வாதத்தின் அடியில் கிடந்த உண்மை மிகக் கொடியது. அக்கொள்ளைநோயால் இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை இருக்கலாம் என்று வெவ்வேறு அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். 1911-க்கும் 1921-க்கும் இடையே நாட்டின் மக்கள் தொகை 0.31 சதவீதம் குறைந்தது. 1901 முதல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் மக்கள் தொகை குறைந்த ஒரே பத்தாண்டு இதுவே. இறந்தவர்களுள் பலர் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது குடும்பத்தின் உழைப்பைத் தாங்கி நின்றவர்கள்.

இத்தகைய அழிவை விளைவிக்கும் வைரஸ் மிகச் சிறியது. எட்டுத் துண்டுகளாகப் பிரிந்த ஆர்.என்.ஏ. இழைகளில் சுமார் 13,500 எழுத்துகளுக்குள் அதன் முழுச் செய்தியும் அடங்கிவிடுகிறது. இவ்வளவு குறைந்த மூலதனத்தைக் கொண்டு, கோடிக்கணக்கான காவல் அணுக்களையுடைய மனித உடலை அது எவ்வாறு ஏமாற்றுகிறது? இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. தடுப்பூசிக்கு எவ்வளவு செலவிடுவது, எந்த மாதத்தில் போடுவது, மருந்தை எங்கே இருப்பு வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நிர்வாகிக்கும் இதன் விடை தேவைப்படுகிறது.

முதற்காவலர்கள்

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் இரு நிலைகளில் இயங்குகிறது. முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்து, அதற்கெனவே தனிப் படை திரட்டுவது ஒரு நிலை. முன்பின் அறியாத கிருமியாயின் அப்படை முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அதுவரை எதிர்த்து நிற்பது பிறவியிலேயே அமைந்த முதற்காவல். அதில் முக்கிய இடம் வகிப்பவை இயற்கைக் கொல்லி அணுக்கள். இரத்தத்தில் சுற்றி வரும் நிணநீர் வெள்ளணுக்களுள் இவை 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கின்றன.

1975ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்டு ஹெர்பர்மனும் இவ்வணுக்களை அறிமுகப்படுத்தினர். எவ்வித முன்பயிற்சியும் இன்றிப் புற்று அணுக்களை இவை கொன்றதைக் கண்டே ‘இயற்கைக் கொல்லி’ என்னும் பெயர் அமைந்தது. வைரஸ் குடிபுகுந்த அணுவையும் இவை அவ்வாறே கொல்கின்றன. ஒருவகைப் புரதத்தால் அதன் சுவரில் துளையிட்டு, மற்றொரு வகைப் புரதத்தை உள்ளே செலுத்தி, அந்த அணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளுமாறு செய்கின்றன. அணு அழியும்போது அதனுள் நடைபெற்று வந்த வைரஸ் உற்பத்தியும் நின்றுபோகிறது.

கொல்லும் ஆற்றல் உடையவை தவறு செய்யாதிருக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். உடலின் ஏறத்தாழ எல்லா அணுக்களும் தம் மேற்பரப்பில் சில அடையாளப் புரதங்களைத் தாங்கியிருக்கின்றன. கொல்லி அணு ஓர் அணுவை அணுகியதும் இந்த அடையாளத்தைச் சோதிக்கிறது. அடையாளம் ஒழுங்காக இருந்தால் விலகிச் செல்கிறது, இல்லையெனில் தாக்குகிறது. இக்கருத்தை கிளாஸ் கேர்ரேயும் அவர்தம் குழுவினரும் 1986இல் நிலைநாட்டினர். இதனுடன் மற்றொரு சோதனையும் உண்டு. ஆபத்தைக் காட்டும் குறிகள் அணுவின் மேல் தென்படுகின்றனவா என்று கொல்லி அணுவின் வேறு ஏற்பிகள் தேடுகின்றன. ‘தாக்கு’ என்னும் குறியும் ‘தாக்காதே’ என்னும் குறியும் ஒரே நேரத்தில் வந்து சேர, அவற்றுள் எது மிகுதியோ அதன்படி முடிவு அமைகிறது.

காட்டிக்கொடுக்கும் கொக்கி

இன்புளூயென்சா வைரசின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் சிறப்பானவை. ஒன்று ஹீமக்ளூட்டினின், மற்றது நியூராமினிடேஸ். முன்னதைக் கொக்கி என்றும் பின்னதைக் கத்தரி என்றும் கொண்டால் விளக்கம் எளிதாகும். மூச்சுக்குழல் அணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருள் உள்ளது. கொக்கி அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு வைரசை உள்ளே சேர்க்கிறது. புதிய வைரஸ்கள் உருவாகி வெளியேறும்போது அதே சர்க்கரையில் அவை சிக்கிக்கொள்ளாதபடி கத்தரி அதனை வெட்டிவிடுகிறது. எச்1 என்1, எச்3 என்2 என்னும் பெயர்களில் வரும் இரு எழுத்துகளும் இவ்விரு புரதங்களையே சுட்டுகின்றன.

வைரசுக்கு ஓர் இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. புதிய வைரஸ்களைக் கட்டுவதற்காக, நோயுற்ற அணுவின் மேற்பரப்பில் கொக்கிகள் முன்கூட்டியே வந்து நிற்க வேண்டியுள்ளது. கொல்லி அணுவின் மேல் என்.கே.பி.46, என்.கே.பி.44 எனக் குறிக்கப்படும் ஏற்பிகள் உள்ளன. அவற்றின் மீதும் சியாலிக் அமிலம் படிந்திருக்கிறது. நோயுற்ற அணுவின் மேல் நிற்கும் கொக்கி அந்தச் சர்க்கரையையும் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பே கொல்லி அணுவுக்குத் ‘தாக்கு’ என்னும் ஆணையாகிறது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் இதனைக் கண்டறிந்தனர். எலிகளில் இந்த ஏற்பிக்குரிய மரபணுவை நீக்கியபோது இன்புளூயென்சா அவற்றுக்கு உயிர்கொல்லி நோயாயிற்று என்று 2006இல் அவர்கள் காட்டினர். உள்ளே நுழைய உதவும் கருவியே வைரசைக் காட்டியும் கொடுக்கிறது.

தப்பும் வழிகள்

கொக்கியைக் கைவிட்டால் வைரஸ் அணுக்களுள் புக இயலாது. வைத்துக்கொண்டால் பிடிபடும். இந்த நெருக்கடியிலிருந்து அது பல வழிகளில் தப்புகிறது.

முதல் வழி கத்தரியின் இரண்டாவது பயன். வைரசை விடுவிப்பதற்காக அமைந்த நியூராமினிடேஸ், கொல்லி அணுவின் ஏற்பிகள் மீதுள்ள சியாலிக் அமிலத்தையும் வெட்டி நீக்குகிறது. சர்க்கரை போனபின் கொக்கிக்குப் பற்றுக்கோடு இல்லை. கொல்லி அணு அருகில் வந்தும் ஆபத்தை உணராமல் செல்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதனை ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் மெய்ப்பித்தது.

இரண்டாவது வழி அடையாளச் சோதனையைப் பயன்படுத்திக்கொள்வது. உடலில் நெடுநாள் தங்கும் சில வைரஸ்கள், பிற பாதுகாப்பு அணுக்களிடமிருந்து ஒளியும் பொருட்டு அடையாளப் புரதங்களையே குறைத்துவிடுகின்றன. அதனால் கொல்லி அணுக்களிடம் அவை மாட்டிக்கொள்ள நேரிடுகிறது. இன்புளூயென்சா அப்புரதங்களை அழிப்பதில்லை. மேற்பரப்பில் சிதறி நிற்கும் அவை ஓரிடத்தில் திரண்டு நிற்குமாறு செய்கிறது. திரண்டு நிற்கும் அடையாளம் ‘தாக்காதே’ என்னும் குறியை மேலும் வலுவாகக் கொல்லி அணுவுக்கு அனுப்புகிறது.

மூன்றாவது வழி எச்சரிக்கையை அடக்குவது. வைரஸ் புகுந்த அணு இன்டர்பெரான் என்னும் பொருளை வெளியிட்டு, அண்டை அணுக்களை எச்சரித்துக் கொல்லி அணுக்களையும் தூண்டுகிறது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்சும் ஜீன் லிண்டன்மனும் இப்பொருளைக் கண்டுபிடித்ததே இன்புளூயென்சா வைரசைக் கொண்டு செய்த சோதனையில்தான். அதே வைரஸ் என்.எஸ்.1 என்னும் புரதத்தின் மூலம் இன்டர்பெரான் உற்பத்தியை ஒடுக்குகிறது. எச்சரிக்கை தாமதமாவதால் காவலும் தாமதமாகிறது.

நான்காவது வழி காவலர் மீதே தாக்குதல். இன்புளூயென்சா வைரஸ் கொல்லி அணுக்களின் உள்ளேயே புகுந்து அவற்றை மடியச் செய்ய வல்லது என்று ஹாங்காங் ஆய்வாளர்கள் 2009இல் தெரிவித்தனர். இவை தவிர, கொக்கியின் வடிவமும் அதன் மேலுள்ள சர்க்கரைப் பூச்சும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறி வருகின்றன. இதனால் பழைய நோயெதிர்ப்பு நினைவும் பயன் குன்றுகிறது.

இவ்வழிகளுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் எலிகளிலும் கண்டறியப்பட்டவை என்பதை மாணவர்கள் மறத்தல் ஆகாது. கொல்லி அணுக்கள் மிகுதியாகத் திரண்டால் நன்மையே விளையும் என்பதும் இல்லை. கடுமையான தொற்றில் அவை நுரையீரல் திசுவுக்கும் கேடு செய்யக்கூடும் என எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. உடலுக்குத் தேவை உரிய நேரத்தில், உரிய அளவில் எழும் தாக்குதல்.

சிக்கனமும் அதன் விலையும்

இந்த வழிகளைப் பொருளாதாரக் கண்ணோட்டத்தில் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வைரசிடம் உபரியாக எதுவும் இல்லை. வெளியேறுவதற்கான கத்தரியே ஒளிவதற்கும் பயன்படுகிறது. ஆனால் ஒரே கருவியை இரு வேலைகளுக்குப் பயன்படுத்துபவன் இரண்டுக்கும் இடையே சமநிலை காக்க வேண்டும். கத்தரி மிகக் கூர்மையானால் நுழைவதற்குத் தேவையான சர்க்கரையும் வெட்டுண்டு போகும். மழுங்கினால் வெளியேறுவது தடைப்படும். ஆகவே வைரசின் தப்பித்தல் எக்காலத்தும் முழுமையானதன்று. அது ஈட்டுவது சில நாட்கள் மட்டுமே. அந்தச் சில நாட்களுக்குள் பெருகி, இருமலின் வழியே அடுத்த மனிதரை அடைந்துவிட்டால் அதன் நோக்கம் நிறைவேறிவிடுகிறது.

பொது நலவாழ்வுத் திட்டத்தின் அடிப்படையும் இதிலிருந்தே பெறப்படுகிறது. வைரஸ் பறித்துக்கொள்ளும் அந்தச் சில நாட்களை மீட்டுத் தருவதே தடுப்பூசி, மருந்து, கண்காணிப்பு ஆகிய மூன்றின் பணியாகும்.

மூன்று கருவிகள்

தடுப்பூசி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்பது யாவரும் அறிந்தது. அவ்வெதிர்ப்பொருள்கள் வைரசை நேரடியாகத் தடுப்பதுடன் நில்லாமல், நோயுற்ற அணுவின் மேல் நிற்கும் கொக்கிகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. கொல்லி அணுவின் மற்றோர் ஏற்பி அந்த எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு தாக்குகிறது. இந்தப் பிடிப்பு கொக்கியும் சர்க்கரையும் சேர்வதைச் சார்ந்ததன்று. ஒரு கண்ணை வைரஸ் மறைத்தாலும் தடுப்பூசி கொல்லி அணுவுக்கு இன்னொரு கண்ணைத் தருகிறது எனலாம். கொக்கியின் அடிக்கொழுந்து போன்ற தண்டுப் பகுதி எளிதில் மாறுவதில்லை. அப்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இவ்வகைத் தாக்குதலை நன்கு தூண்டுகின்றன என்று எலிகளில் கண்டுள்ளனர். ஆண்டுதோறும் மாற்ற வேண்டாத ஒரு பொதுத் தடுப்பூசியை நாடும் ஆராய்ச்சிகள் இத்தண்டுப் பகுதியில் கவனம் செலுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மருந்து. ஓசெல்டமிவிர், சனாமிவிர் ஆகியவை கத்தரியை முடக்கும் மருந்துகள். வைரஸ் வெளியேறுவதைத் தடுப்பதே இவற்றின் பணி என்று முதலில் கருதப்பட்டது. கத்தரி முடங்கும்போது கொல்லி அணுவின் ஏற்பிகளும் காக்கப்படுகின்றன என்பது 2013ஆம் ஆண்டு ஆய்வின் மற்றொரு முடிவு. நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் இம்மருந்துகளின் பயன் மிகுதி. மாவட்டத் தலைநகர்க் கிடங்கில் இருப்பு உள்ளது என்பது மட்டும் போதாது. நோயாளி நாடி வரும் முதல் மருத்துவ நிலையத்தில் அது இருக்க வேண்டும். எனினும் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. 2007-க்கும் 2009-க்கும் இடையே பருவகால எச்1 என்1 வைரஸ் ஓசெல்டமிவிருக்கு வசப்படாத வடிவம் பெற்று உலகெங்கும் பரவியது.

மூன்றாவது கண்காணிப்பு. மாறிக்கொண்டே இருக்கும் வைரசைத் தொடர்ந்து பார்ப்பதற்காக 1952இல் உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு இன்புளூயென்சா வலையமைப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் புனேயில் தோன்றிய வைரஸ் ஆராய்ச்சி மையம் 1978இல் தேசிய வைராலஜி நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆசிய இன்புளூயென்சா சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தை அடைந்து நாடெங்கும் பரவியபோது, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்புளூயென்சா மையம் அதனை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று.

இந்தியாவின் பருவமும் தடுப்பூசியின் மாதமும்

ஆண்டுதோறும் பருவகால இன்புளூயென்சா தொடர்பான சுவாச நோய்களால் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவும் இதற்கு விலக்கன்று. 2009ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின்னரும், 2015ஆம் ஆண்டில் எச்1 என்1 நோயால் 42,592 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 2,990 பேர் இறந்ததாகவும் நாட்டின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் பதிவு செய்தது. இவை ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்ட எண்கள் மட்டுமே.

நாட்டில் உற்பத்தித் திறன் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டிலேயே இரண்டு இந்திய நிறுவனங்கள் எச்1 என்1 தடுப்பூசியைத் தயாரித்து வெளியிட்டன. அவற்றுள் ஒன்று மூக்கின் வழியே செலுத்தப்படுவது. எண்ணிப் பார்க்க வேண்டியது, யாருக்கு, எப்போது என்பதே. கர்ப்பிணிகள், முதியோர், இளங்குழந்தைகள், நாட்பட்ட நோயுடையோர், மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

‘எப்போது’ என்பது இந்தியாவுக்குச் சிக்கலான வினா. தடுப்பூசியில் இடம்பெற வேண்டிய வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது. பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும். இந்தியா வடகோளத்தில் உள்ளதெனினும் அதன் இன்புளூயென்சாப் பருவம் ஐரோப்பாவைப் போன்றதன்று. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் நோய் மிகுகிறது. தில்லியில் தென்மேற்குப் பருவமழையோடும், சென்னை, வேலூர் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையோடும் நோய் உச்சமடைவதை 2015இல் வெளியான கண்காணிப்பு ஆய்வு காட்டியது. தடுப்பூசி தரும் பாதுகாப்பு சில மாதங்களில் தேய்கிறது. எனவே நாடு முழுமைக்கும் ஒரே மாதத்தில் ஊசி போடுவது எங்கோ ஓரிடத்தில் பணத்தை வீணாக்குவதாகும். காஷ்மீருக்கு ஏற்ற நாட்காட்டி தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

இதில் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியும் உண்டு. ஒருவர் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி அவரை மட்டுமின்றி அவர் வீட்டாரையும் உடன் பணிபுரிவோரையும் காக்கிறது. இத்தகைய புறப்பயன் உடைய பண்டத்தைத் தனிநபரின் வாங்கும் சக்திக்கு மட்டும் விட்டுவிட்டால், சமுதாயத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே அது வாங்கப்படும். கூலி இழப்பைத் தாங்க இயலாத தொழிலாளி காய்ச்சலோடு வேலைக்குச் செல்கிறார். நோயும் அவருடன் செல்கிறது. கண்காணிப்போ முற்றிலும் பொதுப் பண்டம்; சந்தையில் அதனை விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. இவ்விரண்டிலும் அரசின் செலவு இன்றியமையாததாவது இதனாலேயே.

மாவட்ட மருத்துவமனையில் தொண்டையிலிருந்து எடுக்கப்படும் ஒரு மாதிரி, குளிர்ப் பெட்டியில் கெடாமல் உரிய நாளில் ஆய்வுக்கூடத்தை அடைவது சிறு செயலாகத் தோன்றலாம். அந்த மாதிரியில்தான் கொக்கி எவ்வாறு மாறியது, கத்தரி மருந்துக்கு வசப்படுகிறதா என்பன தெரியவரும். 1918இல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அது எக்கிருமியால் விளைந்தது என்றுகூட எவரும் அறிந்திருக்கவில்லை; மனித இன்புளூயென்சா வைரஸ் பிரித்தறியப்பட்டது 1933இல்தான். இன்று அவ்வைரஸ் காவலரின் கண்ணை மறைக்கும் முறைகள் வரை தெரிந்திருக்கின்றன. அந்த அறிவு உரிய மாதத்தில் உரிய மருத்துவ நிலையத்தை மருந்தாகவும் ஊசியாகவும் சென்றடையச் செய்வது நிர்வாகத்தின் கடமையாகும்.